உடம்பு கட்டிய வரப்பு

மரக்காணம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் செந்தமிழுக்கு,

அம்மாவின் இடது மார்பில் வைத்திருக்கும் சிலிகான் பையைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. நேற்றுப் புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த அறுவை மருத்துவர் பிரியதர்ஷினி எங்கள் இருவரையும் உட்கார வைத்து இதைச் சொன்னார். அந்த நீரில் கொஞ்சத்தை ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் யாராவது உனக்குப் போன் செய்து சொன்னால் நம்பாதே.

போனில் உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். மெயிலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் தாலுகா நிருபராக இருந்தவனுக்கு அந்த இடைவெளி போதும்.

அறுவை நடந்தபோது நீ பிளஸ் டூ. புற்றுக்காக மார்பை எடுத்த அன்றே பையையும் வைத்தார்கள். இது எதற்கு என்று நம் வீட்டிலேயே கேட்டார்கள். குனிஞ்சி உப்பு வார்றவளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே கனமா இருக்கணும் என்று சொல்லி அம்மா பேச்சை முடித்துவிட்டாள். குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்தி என்றாலும் ஆட்களோடு தானும் இறங்குகிறவள் அவள். அதன் பிறகு வருடா வருடம் வலது பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் பார்த்தோம். இடது பக்கத்தில்தான் சதையே இல்லையே, அங்கே என்ன வரப்போகிறது என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள்.

போன மாதம் அந்தப் பக்கம் வீங்கியது. இழுத்துப் போட்டு வேலை செய்ததால் வந்தது என்று விட்டுவிட்டாள். உப்பு ஒத்தடம் எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லாததால் பொட்டலமும் பெரியது. நம் பாத்தியில் வேலை செய்கிற பொன்னி, கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி ஒற்றியிருக்கிறாள். சூடு தாங்காமல் பொன்னி கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறாள். அம்மா உட்கார்ந்து கிளியனூர்க் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அக்காவுக்கு என்ன உடம்புடா சாமி என்று பொன்னி அசந்துபோய் இன்னும் அழுத்தி வைத்திருக்கிறாள்.

மறுநாள் குளிக்கும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. மார்பை எடுக்கும்போது உணர்வு நரம்புகளும் போய்விடும், பை வைத்த இடத்துத் தோலுக்குச் சுரணை முழுதாகத் திரும்பாது, அங்கே வெந்நீர்ப் பை, ஒத்தடம் எதுவும் கூடாது என்றார் மருத்துவர். இதெல்லாம் அன்றைக்கே சொல்லியிருப்பார்களே என்று கேட்டார். சொல்லியிருப்பார்கள். புற்று போய்விட்டது என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு எங்கள் காதில் எதுவும் ஏறவில்லை.

புண்ணுக்கு மருந்து போடப் போன இடத்தில்தான் வீக்கத்தைப் பார்த்து ஸ்கேன் எழுதினார்கள். ஸ்கேன் அறையில் என்னையும் உள்ளே விட்டார்கள், செந்தமிழ். திரையில் பை கறுப்பாகத் தெரிந்தது. அதை வளைத்து வெளுப்பாக ஒரு கோடு. அதை உடம்பு கட்டிய சுவர் என்றார் மருத்துவர். வெளியிலிருந்து வந்த பொருளை விரட்ட முடியாதபோது உடம்பு அதைச் சுற்றி ஓர் உறையைக் கட்டி ஒதுக்கி வைத்துவிடுமாம். பை வைத்த எல்லோருக்கும் இது உண்டு. சிலருக்கு அந்தச் சுவர் இறுகிப் பையை நெரிக்கும், சிலருக்குப் பை கிழிந்து கசியும். அந்தக் கோட்டைப் பார்த்தபடியே நின்றேன். உன்னை ஜெர்மனிக்கு ஏற்றிவிட்டு அவள் அழுத நாளிலும், புயலில் பாத்தி கரைந்த நாளிலும், என் பக்கத்தில் அவள் படுத்திருந்த எல்லா நாளிலும் உள்ளே யாரும் கேட்காமல் இந்த வேலை நடந்திருக்கிறது.

அம்மா படுத்தபடியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "ஏங்க, வரப்பு கட்டியிருக்குதுங்க. ஆளு வைக்கல, கூலி குடுக்கல. அதுவா கட்டிக்கிச்சு பாருங்க," என்றாள். மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அடுத்து அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நீர் கோக்கக் காரணங்கள் பல. கிருமியாக இருக்கலாம், அடிபட்டதாக இருக்கலாம், பை பழையதானதாலும் இருக்கலாம். மிக அரிதாக, பல வருடம் கழித்து, அந்த நீரிலோ சுவரிலோ ஒரு வகைப் புற்று வரும். அது மார்புப் புற்று அல்ல, ரத்தத்தின் வெள்ளணுக்களில் வருவது. மேற்பரப்பு சொரசொரப்பான பைகளோடு சேர்த்துத்தான் அதைக் கண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு வைத்தது அந்த வகைப் பை. அப்படியே இருந்தாலும், சுவருக்குள் அடங்கியிருந்தால், பையையும் சுவரையும் முழுதாக எடுத்ததும் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்களாம். அந்தப் 'பெரும்பாலோர்' என்ற சொல்லை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பொன்னி நேற்றிலிருந்து இன்று மதியம் வரை சாப்பிடவில்லை. அக்காவைச் சுட்டுட்டேனே என்று வாசலில் உட்கார்ந்து அழுதாள். "ஏய், நீ சுட்டதாலதான்டி உள்ள இருக்கறது தெரிஞ்சிது. எழுந்து போய்ச் சோறு போடு, எனக்கும் பசிக்குது," என்று அம்மா அதட்டினாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

முடிவு எப்படி வந்தாலும் பையை எடுத்துவிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பதிலுக்குப் புதிது வேண்டாமாம். பையின் மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. இத்தனை வருஷம் கூடவே நின்னு வேலை செஞ்சிது, இனி போகட்டும் என்கிறாள். எடுத்த பிறகு அந்தச் சுவரைத் தன் கண்ணில் காட்ட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறாள். அவரும் சரி என்றிருக்கிறார்.

நீ கிளம்பி வரக் கூடாது என்பது அவள் கட்டளை. நான் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீர்ச் சோதனையின் முடிவு வரும் வியாழக்கிழமை மாலை கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அறுவைக்கு நாள் குறிப்பார்கள். அம்மா அன்றைக்கு உப்பளத்தில் இருப்பாள், முடிவை வாங்க நான் மட்டும் போகிறேன். அந்த நேரத்தில் உன் போன் கையில் இருக்கட்டும், கண்ணு. நான் கூப்பிட்டுப் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே.

நீ நோய்நொடி அண்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
பஞ்சநாதன்