இருமல் இல்லாதவர்களுக்கு மட்டும்

கம்பாலா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அண்ணன் செம்பகாரேவுக்கு, தம்பி கபுஷோ வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

சுற்றுலா அலுவலகத்தில் நான் தரை துடைப்பதாக அங்கே யாரோ சொன்னார்களாம். சுத்தப் பொய். என்னைக் கேட்காமல் ஒரு வெள்ளைக்காரனும் ப்விண்டி தேசியப் பூங்காவுக்குக் கிளம்புவதில்லை. அதனால்தான் உங்கள் ஆசையை நேராக மேலாளரிடமே சொன்னேன். பூங்கா ஆக்குவதற்காக நம் ஜனங்களை அந்தக் காட்டைவிட்டு விரட்டி முப்பது வருடமாகிறது, அப்பாவைப் புதைத்த மரத்தடியை அண்ணன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன்.

"சரிப்பா, கொரில்லா பாக்கப் போற கூட்டத்தோட அனுப்பிடலாம். உங்க அண்ணன் திடமா இருக்காரா?" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அவர் இருமினா மலையே அதிரும், முதலாளி!" என்றேன்.

பேனாவை மூடிவிட்டார். "இருமலா? உள்ளயே விட முடியாது. கொரில்லாவுக்குத் தொத்திக்கும். வேணும்னா வாசல்ல விருந்தாளிங்களுக்கு ஆட்டம் ஆடட்டும்."

கவலை வேண்டாம். ஆட்டக்காரர் பட்டியலில் உங்கள் பெயர்தான் முதலில். இருமல் வந்தால் தாளத்தோடு சேர்த்து இருமிவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்து ஓட்டுநர் திரும்பும்போது அவரிடம் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு நாலு கொடுத்தனுப்புங்கள். இங்கே தனியாகத் தின்றால் எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை.

அப்பாவின் மரத்தையும் நான் விட்டுவிடவில்லை. அடையாளம் சொன்னதும் மேலாளர் அதைப் பயணத் திட்டத்தில் சேர்த்துவிட்டார். விருந்தாளிகள் பார்த்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறது என்று உங்களிடம் சொல்வார்கள்.

பேருந்து கிளம்புகிறது.

கபுஷோ