மேல்முறையீட்டுக்கு: கவசம் அணிவது குறித்து

1. இதை எழுதுபவன் உன் தகப்பன். சொத்துப் பத்திரங்கள் எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் தலை நரைத்த வழக்கறிஞன். உன் பழைய அறையின் மேசை முன் அமர்ந்து, தெளிந்த புத்தியோடு, எவருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி எழுதுகிறேன்.

2. பெறுபவள் என் ஒரே மகள். கடலுக்கு அப்பால் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். விடுமுறை நாட்களில் மலை உச்சியிலிருந்து சைக்கிளில் கீழே இறங்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவள். இவ்வீட்டில் அவளுக்கு வழங்கிய பெயர் மேல்முறையீடு.

3. நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று ஊகத்தின் பேரில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதை உன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளவே விரும்புகிறேன்.

அன்பு மகளே, ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது உன் செய்தி வந்தது. "அப்பா, மலையில இறங்கும்போது உடம்புக்குக் கவசம் போட்டுக்கணுமா வேண்டாமா? நீங்க சொல்றதுதான். ஒரே வார்த்தையில சொல்லுங்க, வழக்கு நடத்தாதீங்க" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக்கொண்டே நின்றதில் என் முறை வந்ததைக் கவனிக்கவில்லை, பின்னால் நின்ற அம்மாள், "சார், வாங்குறீங்களா, இல்ல வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவசரத்தில் பெரிய ரொட்டியை வாங்கிவிட்டேன். ஒருவனுக்குப் பெரிய ரொட்டி என்பது பாதிக்கு மேல் காய்ந்துபோகும் என்று அர்த்தம். வீட்டுச் செய்தி வேறு பெரிதாக ஒன்றுமில்லை. லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது, படியில்தான் ஏறி இறங்குகிறேன். வாரத்தில் பாதி நாள் என் பழைய ஜூனியரின் அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். அவன் மரியாதையாகத்தான் நடத்துகிறான், நாற்காலியை மட்டும் ஜன்னலோரத்திலிருந்து அலமாரிப் பக்கம் மாற்றிவிட்டான். மீதி நாட்களில் பேச ஆளில்லாததால் வானொலியில் செய்தி வாசிப்பவரின் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அவர் இதுவரை ஒருமுறையும் பதில் சொன்னதில்லை. செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் பக்கத்தை உன் அம்மாவுக்காக மடித்து எடுத்துவைக்கும் பழக்கம் இன்னும் கையைவிட்டுப் போகவில்லை. அவள் போனபின் சேர்ந்த கட்டு சோபாவில் அவள் உட்காரும் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு யாரும் வராததால் இடைஞ்சல் ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் புதிதாகத் திறந்த செங்குத்தான பாதையில் போட்டி என்றும், விதிப்படி தலைக்கு ஹெல்மெட் கட்டாயம், மற்றவை அவரவர் விருப்பம் என்றும் எழுதியிருந்தாய். விருப்பம் என்று ஒரு விதி சொன்னால் பொறுப்பை அது கைகழுவிவிட்டது என்று பொருள். இதை நான் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன். உன்னோடு இறங்குகிற கூட்டாளிகள், "முழுக் கவசம் போட்டா வண்டு மாதிரி இருக்கே, தலைகீழா விழுந்தா காலை ஆட்டிக்கிட்டே கிடப்பியா?" என்று கேலி செய்வதையும், அணிந்தால் வேர்த்துக் கொட்டுகிறது, கையைத் தூக்க முடியவில்லை, அணியாவிட்டால் உடம்பு லேசாக இருக்கிறது, வண்டி சொன்னபடி கேட்கிறது என்பதையும் படித்தேன். இவை அற்பமான வாதங்கள் அல்ல. வேர்வையில் கைப்பிடி வழுக்கினால் அதுவும் ஆபத்துதான். கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு. எதிர்த்தரப்பில் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: பாறை யாருடைய வாதத்தையும் கேட்பதில்லை.

கேள்வி வந்து இத்தனை நாள் நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. போன வருஷம் ஒருநாள் நீ திரையில் என்னோடு பேசிக்கொண்டிருக்கையில் தேநீர்க் கோப்பையை இடது கையில் பிடித்திருந்தாய். பிறந்ததிலிருந்து வலது கைக்காரி. என்னம்மா என்றேன், சும்மாப்பா என்றாய், நானும் சும்மா என்றே வைத்துக்கொண்டேன். தோளெலும்பு முறிந்து கட்டுப்போட்டிருந்த விவரம், எலும்பு கூடி நீ மறுபடி சைக்கிள் ஏறிய பிறகுதான் என் காதுக்கு வந்தது. அதைப் புகாராக இப்போது கிளப்பவில்லை. அதன் காலக்கெடு முடிந்துவிட்டது. ஆனால் அப்போது விழுந்தபின்னும் சொல்லாதவள் இப்போது இறங்கும் முன்பே கேட்கிறாய். வளர்ந்தபின் நீ என்னிடம் கேட்ட முதல் அபிப்பிராயம் இது. நான் தப்பாகச் சொன்னால் இனி என்னை எதுவும் கேட்கமாட்டாய். சரியாகச் சொல்லாமல் விட்டு உனக்கு ஏதாவது ஆனால் அதற்குப்பின் என்னிடம் கேட்க நீயே இருக்கமாட்டாய். இந்த இரண்டுக்கும் நடுவில் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதை நீயே அறிவாய். நான் இந்த வீட்டில் எதை விதித்தாலும் நீ அடுத்த நிமிஷம் சமையலறைக்கு ஓடி உன் அம்மாவிடம் முறையிடுவாய். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். நான் தெருவில் சைக்கிளே கூடாது என்பேன், அவள் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "மருந்துக்கடை முனை வரைக்கும் போயிட்டு வா, அப்பாவைப் பாத்துக்கறேன்" என்பாள். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பவேண்டும் என்பேன், அவள் பத்தாக்குவாள். அவள் பாதியைக் குறைப்பாள் என்று தெரிந்தே நான் இருமடங்காக விதிப்பதும், நான் இருமடங்காக விதிப்பேன் என்று தெரிந்தே அவள் பாதியைக் குறைப்பதும் எங்களுக்குள் பேசாமலே நடந்துவந்த ஏற்பாடு. கண்டிப்பானவன் என்று நான் பெயர் எடுத்ததெல்லாம் அவள் தைரியத்தில்தான். இப்போது சமையலறையில் யாரும் இல்லை. நான் சொல்வதே கடைசித் தீர்ப்பு என்ற நிலைமை எனக்குப் பழக்கமில்லை மகளே, பயமாக இருக்கிறது.

ஆகவே முறைப்படி விசாரணை செய்தேன். கண்ணால் பாராத சொத்துக்கு அபிப்பிராயம் எழுதித் தருவதில்லை என்பது என் தொழில் வழக்கம், தெரியும்தானே. நீ படம் அனுப்பிய அதே கவசச் சட்டையை என் அளவில் ஒன்று வரவழைத்தேன். சிரிக்காதே. முதலில் மேல்மாடிப் பல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முதுகுத் தட்டு நல்லா இருக்கு, மார்புத் தட்டும் பரவாயில்லை. ஆனா ஹெல்மெட் தாடையை மூடுதான்னு உங்க பொண்ணைக் கேளுங்க சார், மத்த எலும்பெல்லாம் என் இலாகா இல்லை" என்றார். பிறகு நான் வீட்டில் தனியாக அதை அணிந்து பார்த்தேன். முன்பக்க ஜிப்பை ஏற்றி, இடுப்புப் பட்டையை இறுக்கி, உன் அம்மாவின் நிலைக்கண்ணாடி முன் நின்றேன். வண்டு என்பது நியாயமான வர்ணனைதான். கையைத் தூக்கிப் பார்த்தேன், தோளுக்கு மேல் கொஞ்சம் தடுக்கிறது. குனிந்தேன், கூடத்தில் ஓடினேன், சோபாவில் வேண்டுமென்றே விழுந்தேன். குறுக்கெழுத்துக் கட்டு சரிந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றப் போனபோது ஜிப் பாதியில் நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கிற வீட்டில் இது ஒரு விஷயமா, பக்கத்தில் இருக்கிற யாரையாவது கொஞ்சம் இழு என்றால் இழுத்துவிடுவார்கள். இந்த வீட்டில் எனக்குக் கூப்பிட யாரும் இல்லை. கடைசியில் அப்படியே படியிறங்கிக் கீழ்த்தளத்துத் தையல்காரரிடம் போனேன். "என்ன வக்கீல் சார், படையெடுப்பா? எந்த நாட்டு மேல?" என்றார் அவர். அங்கே அளவு கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரவு வீடு திரும்பினேன். இடையில் நடந்தவை இவ்விஷயத்துக்கு அவசியமற்றவை.

அன்றே உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் நீ கேட்டபடி ஒரே வார்த்தை எழுதினேன்: போகாதே. பிறகு கிழித்துப் போட்டேன். நீ கேட்டது கவசத்தைப் பற்றி, போகலாமா என்று அல்ல. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கறிஞன் கட்சிக்காரரை இழப்பான். இரண்டாம் தாளில் கழுத்து முதல் கணுக்கால் வரை அத்தனையும் அணியாமல் சைக்கிளில் கால் வைக்கக்கூடாது, பயிற்சியானாலும் சரி, தெருமுனை வரை போனாலும் சரி என்று எழுதினேன். எழுதி முடித்துச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பழக்கம்தான். பிறகு பேனாவை எடுத்து, அவள் இருந்தால் எதை அடிப்பாள் என்று யோசித்து யோசித்து நானே அடித்தேன். அவள் கையெழுத்தை நான் போடுவதுபோல் கூச்சமாக இருந்தது. மிஞ்சியது இது. தாடையை மூடும் ஹெல்மெட் எப்போதும். அந்தச் செங்குத்தான பாதையிலும் எல்லாப் போட்டிகளிலும் முதுகுக்கும் மார்புக்கும் கவசம், முழங்காலுக்குப் பேட், வெயில் எவ்வளவு அடித்தாலும், கூட்டாளிகள் வண்டு என்றாலும் வேறு எந்தப் பூச்சி என்றாலும். பழகிய சாதாரணப் பாதையில் முழங்கால் பேட் போதும். முழங்கைக்கு அணிவதும் அணியாததும் உன் இஷ்டம். கை தடுக்கிறது என்று நீ சொன்னது உண்மை என்பதை நானே அணிந்து கண்டேன். கவசம் அணிந்த தைரியத்தில் வேகத்தைக் கூட்டாதே. அது விழுந்தவளைக் காப்பதற்காகச் செய்தது, விழச் சொல்லி அல்ல.

இதில் உனக்குச் சம்மதமில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். வேறு மன்றம் இல்லாததால் அதையும் நானே விசாரிப்பேன், ஆனால் சமையலறையில் உட்கார்ந்துதான் விசாரிப்பேன் என்று உறுதி தருகிறேன். நேரக் கட்டுப்பாடு கிடையாது. எழுத்தில் வேண்டாம், வாய்மொழியாகவே வை. உன் வாதம் நீளமாக இருந்தாலும் இடையில் வெட்டமாட்டேன். போட்டி முடிந்து கீழே வந்து சேர்ந்ததும், ஜெயித்தாயா தோற்றாயா என்பதெல்லாம் அப்புறம், கோப்பையை வலது கையில் பிடித்துக்கொண்டு ஒரு படம் அனுப்பு. அது எனக்குப் போதும்.

மற்றபடி வேளைக்குச் சாப்பிடு. அங்கே குளிர் என்கிறாய், ஈரச் சாக்ஸோடு உட்காராதே. பிரேக் கம்பியை சைக்கிள் கடைக்காரன் சொல்லை நம்பாமல் நீயே பார். இதைப் படமெடுத்து இன்றே போனில் அனுப்புகிறேன், அசல் தபாலில் வரும். இரண்டுக்கும் வேறுபாடு தென்பட்டால் அசலே செல்லும். இரண்டு சாட்சி இல்லாத தாள் என் கையைவிட்டு வெளியே போனதில்லை, உன் பள்ளிச் சுற்றுலாவுக்குச் சம்மதம் எழுதித் தந்தபோதும் இரண்டு பேர் கையெழுத்திட்டதை நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். இம்முறையும் அப்படியே. சாட்சிகளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்; மாறுபாடு இருந்தால் தம் கையால் எழுதலாம், அதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.

நீ ஏறுகிற உயரமெல்லாம் உனக்கு இணக்கமாக இருக்கட்டும், இறங்குகிற இடமெல்லாம் உன்னை முழுசாகத் திருப்பித் தரட்டும். உன் அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்தே இருப்பதாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையொப்பம்)

சாட்சிகள்:

1. மேல்மாடிப் பல் டாக்டர். வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. தாடையை மறக்காதேம்மா.

2. கீழ்த்தளத்துத் தையல்காரர். எல்லாம் சரிதான் பாப்பா, ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. ஜிப் சிக்கினது நிஜம், ஆனா நான் ஒரே இழுப்புல கழட்டிட்டேன். சார்தான் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு மறுபடி ஏத்திவிடச் சொன்னார். யாரோ கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்குப்பான்னார். கடை மூடுற வரைக்கும் அதைப் போட்டுக்கிட்டே உக்காந்திருந்தார். நீ போன் பண்ணு.

இரண்டாம் சாட்சியின் குறிப்பைப் படித்தேன். அடிக்கவில்லை.
அப்பா