நீலச் சட்டை போடமாட்டேன்

ஜூன் 8, 2004, செவ்வாய்

இன்று பற்றிக்கைக் குளிப்பாட்ட முக்கால் மணித்தியாலம் பிடித்தது. வயது தொண்ணூற்றொன்று. நான் வேலை செய்யும் முதியோர் விடுதியில் பிடிவாதத்துக்கு அவர்தான் முதல் ஆள். தலையில் தண்ணீர் ஊற்றினால் அயர்லாந்து அப்பாவின் கதையைத் தொடங்கிவிடுவார். நூறு வருடத்துக்கு முந்திய ஒலிம்பிக்கில் ஒரே நாளில் பத்துப் போட்டியாம்: ஓட்டம், பாய்தல், குண்டு, சம்மட்டி எல்லாம். நாடு அப்போது பிரித்தானியர் கையில். எங்கள் சட்டையைப் போடு, கப்பலில் நாங்கள் கூட்டிப்போகிறோம் என்றார்களாம். மனிதர் மாட்டேன் என்று தானாகவே கப்பலேறியிருக்கிறார். பிறகு இந்த மொன்ட்ரியாலுக்கு வந்து, றெயில்வேயில் வேலை செய்து, கிழவனாகும் வரை சம்மட்டி எறிந்தாராம்.

எனக்கு நாற்பத்துமூன்று. மன்னாரில் கன்னியர் மடத்தில் படித்தபோது ஐந்து போட்டியில் முதலாமிடம். அதற்குப் பிறகு நான் எதை எறிந்தேன்? குப்பைப் பை.

ஜூன் 20, ஞாயிறு

பூசை முடிய, என் கணவர் கிறிஸ்தோப்பர் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எடுத்தார்கள். ஊரில் போலவே இல்லம் என்று அணி பிரித்து, நிறச் சட்டை போட்டு, புள்ளி எண்ணும் போட்டி. நூறு மீற்றர், எண்ணூறு மீற்றர், நீளம் பாய்தல், குண்டு, ஈட்டி. ஐந்தையும் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு சொல்கிறார் — என்ரை மனுஷன், நீல இல்லத் தலைவர் — என் தாளை வாங்கி மாற்றி எழுதிவிட்டாராம். திருமதி கிறிஸ்தோப்பர், நீல இல்லம், தேசிக்காய் ஓட்டம். எலுமிச்சங்காய் வைத்த கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடவேணுமாம். இருபது வருசம் ஒண்டாய் இருந்தும் இந்த மனுஷனுக்கு என்ரை பேர் தெரியாதோ?

ஜூன் 21, திங்கள்

சமைக்கவில்லை.

ஜூன் 27, ஞாயிறு

சங்கத் தலைவர் விமலநாதன் அண்ணையிடம் நேரே போனேன். ஐந்திலும் இறங்கலாமாம். ஆனால் நீலச் சட்டை போடவேண்டும், புள்ளி நீல இல்லத்துக்கு.

"கலியாணம் முடிச்சால் பொம்பிளை புருஷன்ரை பக்கம்தானே, தங்கச்சி," என்றார்.

அந்தப் பாடசாலையின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. என் பெயரில் என்றால் ஓடுவேன், நீலச் சட்டை போடமாட்டேன் என்றேன். அப்படியென்றால் நெஞ்சில் குத்த இலக்கமும் தரமாட்டார்கள், அளக்கவும் மாட்டார்களாம். அளக்காட்டிப் போங்கோ. எறியிறது நான்தானே?

பற்றிக்கிடம் சொன்னேன். அவர் அப்பாவின் முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தார். நான் சொன்னது காதில் விழுந்ததோ தெரியாது.

ஜூலை 8, வியாழன்

ஆற்றங்கரைப் பூங்காவில் பயிற்சி. நாலு கிலோக் குண்டு. தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. கிறிஸ்தோப்பர் கதைப்பதில்லை. நானும்தான்.

ஜூலை 17, சனி

வெள்ளைச் சட்டையோடு போனேன். நூறு மீற்றரில் கடைசி. மற்றதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். எண்ணூறில் இரண்டு பேரை முந்தினேன். ஒலிபெருக்கியில் என் பெயர் வரவேயில்லை. நீளம் பாய்ந்து எழும்ப முன்பே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். குண்டைக் கையில் எடுத்தபோது கண் முட்டிவிட்டது. அழமாட்டன். இவங்களுக்கு முன்னாலை அழவேமாட்டன்.

எறிந்தேன். குண்டு விழுந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

அப்போது கிறிஸ்தோப்பர் நீலச் சட்டையோடு திடலுக்குள் வந்தார். நடுவரின் கையிலிருந்த நாடாவை வாங்கி, முழந்தாளிட்டு அளந்தார். விமலநாதன் அண்ணை கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

"அக்னெஸ் மரியதாஸ். ஏழு மீற்றர் எண்பத்தாறு," என்று உரத்துச் சொன்னார்.

மரியதாஸ் என் அப்பா. அந்தப் பெயரை இந்த ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஈட்டியையும் அவரே அளந்தார். பஸ்ஸில் வரும்போது, ஈட்டி சரியாகப் போகவில்லை என்று மட்டும் சொன்னார். உண்மைதான்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

விமலநாதன் அண்ணையின் மனைவி கௌசலா ரெலிபோன் எடுத்தார். சனிக்கிழமை பூங்காவுக்குப் பயிற்சிக்குத் தானும் வரலாமோ என்று கேட்டார். அண்ணைக்கு இப்போதைக்குத் தெரியவேண்டாமாம். ஒளித்துக்கொண்டு வரவேண்டாம், சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். ரெலிபோனை வைத்துவிட்டார். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ?

ஆகஸ்ட் 7, சனி

காலை எட்டு மணி வரை கௌசலாவைக் காணவில்லை. நான் இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது வந்தார். புதுச் சப்பாத்து, அழுத கண்.

"சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்," என்றார்.