மீதி பூஜ்யம் வரவேண்டும்

செப். 29, திங்கள்
காலையிலேயே வெயில். புரட்டாசி பாதி போயாச்சு, ஒரு சொட்டு மழை இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்தணும். இட்லி மாவு தீர்ந்தது.

கம்ப்யூட்டர் ஓடுகிறது. முக்கால்வாசி தாண்டியாச்சு. என் எண்: இரண்டை இரண்டாலேயே கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்று கழித்தது. பகா எண்ணா, இல்லையா? சோதனை ரொம்ப எளிது. நாலில் தொடங்கு, வர்க்கம் எடு, இரண்டைக் கழி, என் எண்ணால் வகுத்து மீதியை வை. மீதிக்குத் திரும்ப அதே, இதுவும் கோடிக்கணக்கான தடவை. கடைசி மீதி பூஜ்யம் என்றால் பகா எண். அதுவரை ஒன்றும் தெரியாது.

சாப்பிடும்போது இவர்: "இந்த ஒரு நம்பரோட சரி. முடிஞ்சதும் மிசின உரக்கடைக்குக் கொண்டு போறேன், பில்லு போட." டியூஷன் எடுத்து நான் வாங்கிய கம்ப்யூட்டர். ஒரு வார்த்தை கேட்டாரா? "நம்பரு என்ன சோறா போடப்போகுது?" என்று வேறு. பற்றிக்கொண்டு வந்தது. மோரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அக். 1, புதன். ஆயுத பூஜை
கோபத்தில் கையெழுத்து கோணல். பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்க பஜாருக்குப் போனேன். திரும்பி வந்தால் முற்றத்தில் கடைத் தராசு, ஸ்கூட்டர், மோட்டார் எல்லாம் கழுவிக் காய்கிறது. பக்கத்தில் என் கம்ப்யூட்டர். பக்கமூடி திறந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட. நெற்றியில் பொட்டு வேறு!

மாமனார் கையில் ஹோஸ். முகமெல்லாம் சந்தோஷம். "ஏத்தா, உள்ள எம்புட்டுத் தூசி! நல்லா பீச்சி அடிச்சுட்டேன். அதுக்கும் ஒரு நாளு ஓய்வு வேணும்ல."

"மாமா, அது என்ன பம்புசெட்டா?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஒன் நம்பரு செயிக்கணும்னுதான சாமி முன்னால வைக்க எடுத்தேன்?"

இவர் சிரித்தார். கழுவியதைக்கூட விடலாம், அந்தச் சிரிப்பை விடமாட்டேன். பொரியைத் தொடவில்லை.

அக். 3, வெள்ளி
ரிப்பேர்க் கடை. போர்டு போச்சு, ஹார்டு டிஸ்க் பிழைத்தது. கடைக்காரர்: "கம்ப்யூட்டரக் குளிப்பாட்டுன வீட்ட இப்பத்தான் பாக்குறேன்." மானம் போச்சு. பழைய போர்டு ஒன்று மாட்டி, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஓடுகிறது. மாமனாரோடு பேச்சில்லை. நிலைப்படியில் நின்று "ஓடுதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

அக். 12, ஞாயிறு
முடிந்தது. மீதி பூஜ்யம் இல்லை. பகு எண்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் இவர் வயரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். என்ன அவசரமோ, பாவி மனுஷனுக்கு!

மாமனார் குறுக்கே வந்தார். "எந்த நம்பரால வகுபடுதாம்?"

"தெரியாது மாமா. வகுபடும்னு மட்டும்தான் இந்தச் சோதனை சொல்லும். எதாலன்னு சொல்லாது."

அவருக்கு வந்ததே கோபம்! "அதெப்படி? எதாலன்னு காட்டாம வகுபடும்னா? அநியாயமால்ல இருக்கு! ஏலே, வயர விடு. அது எந்த நம்பருன்னு இவ கண்டுபிடிச்ச பெறகு மிசினத் தொடு."

இவர் என் பக்கம் திரும்பினார். "எம்புட்டு நாளாகும்?"

"பாக்கணும்ங்க" என்றேன்.

என் ஆயுசு போதாது. அதை ஏன் இவரிடம் சொல்லணும்?