ஐந்து புள்ளி பத்து

19 ஜனவரி 2025, ஞாயிறு

சேலத்தில் சித்தி மகள் கல்யாணம். மண்டபத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. பந்தி முடிந்து என் வீட்டுக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு யாருடனோ குழாய் விலை பேச ஆரம்பித்ததும், நான் பட்டுப்புடவையோடு ரோட்டைத் தாண்டிக் கடைக்குள் போய்விட்டேன்.

ரோடு பைக். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில். இரண்டு விரல் அகலத்தில் டயர். கண்ணாடி வழியாக வந்த வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. எனக்கோ அது ஓடிக்கொண்டிருப்பது போலவே தெரிந்தது.

"ஏறிப் பாக்கலாமுங்களா?"

"யாருக்குங்க மேடம், பையனுக்கா?"

"எனக்குத்தாங்க."

கடைக்காரர் என் புடவையை ஒரு தரம் பார்த்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. பாருக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்று பார்க்க வேண்டுமாம். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். குதிகால் தரையில் படவில்லை. கையை நீட்டினால் பிரேக் எட்டவில்லை.

"இது அம்பத்திநாலு சைஸுங்க. இதுக்குக் கீழ நாங்க எறக்கறதில்ல. யாரு வாங்கறாங்க? ஆன்லைன்ல பாருங்க."

திரும்பும்போது தொப்பூர் கணவாயில் பஸ் மெதுவாக ஏறியது. ஜன்னலுக்கு வெளியே, பஸ்ஸை ஒட்டியே ஒருத்தி வளைந்த ஹேண்டிலைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். முந்தானை மட்டும் பறந்தது. அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டதால் அவருக்குத் தெரியாது.

22 ஜனவரி, புதன்

கேட்டுவிட்டேன். சாப்பாடு போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வது போல.

"எனக்கு ஒரு ரோடு பைக் வேணுங்க. அந்த வளைஞ்ச ஹேண்டில் வெச்சது."

"வாங்கிட்டாப் போச்சு! டாக்டரும் தொப்பையக் கொறைங்கன்னு கத்திக்கிட்டே இருக்காரு. காலைல நீ ஓட்டு, சாயங்காலம் நான் ஓட்டறேன்."

அவ்வளவுதான். ஒரு வாய் களி உள்ளே போவதற்குள் என் சைக்கிள் எங்கள் சைக்கிள் ஆகிவிட்டது. பிரபாகர் மோசமான மனுஷன் இல்லை. பாப்பாரப்பட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிற யாரும் இவ்வளவு சிரித்த முகமாக இருந்து நான் பார்த்ததில்லை. கேட்டால் இல்லை என்று சொன்னதே கிடையாது. அப்புறம் எனக்கு என்ன குறை? வாங்கித் தருகிறேன் என்றுதானே சொன்னார்?

27 ஜனவரி, திங்கள்

சைக்கிள் சைஸ் பார்க்க உயரம் மட்டும் போதாதாம், உள்கால் அளவும் வேண்டும். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவில் ஒரு கெட்டிப் புத்தகத்தை மேலே இறுக்கி வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக் கதவைத் தாழிட்டுச் சுடிதாரோடு நின்றேன். புத்தகம்: ஆறாம் வகுப்புக் கணக்கு. நான் நடத்துகிற பாடம் இதற்காவது உதவட்டும்.

அளந்தவள் அறிவியல் டீச்சர் சசிகலா. அவள் வீட்டில் கன்னடம். பொறுமை போனால் "சாக்கு, சாக்கு" என்பாள், போதும் போதும் என்று. இன்றைக்குப் பத்து தடவை சொல்லியிருப்பாள். மருத்துவ முகாமுக்காக வைத்திருக்கும் கம்பத்தில் உயரமும் பார்த்தாள். நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.

"அஞ்சே கால் அடின்னு இவ்ளோ நாளா சொல்லிக்கிட்டிருந்தியே டீ!"

"கொண்டையோட சேத்து."

அட்டவணையில் என் எண் நாற்பத்தாறு. சட்டகத்தின் அளவு, சென்டிமீட்டரில். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். பாரின் நீளத்தை ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறது. பெரிதாக எடுத்தால் முதுகு நோகும், கழுத்து நோகும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கக் கை எட்டாது.

2 பிப்ரவரி, ஞாயிறு

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கிழக்கே பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வத்தல்மலை தெரிகிறதா, அல்லது மேகமா? மலையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறினேன். கீழே தர்மபுரி சின்னதாகி, சத்தமில்லாமல் போனது. மேலே சாமைக்காடு, பனி, காப்பிச் செடி வாசனை. ஓட்டுகிறேனா, மிதக்கிறேனா, தெரியவில்லை.

"துணி காயறதுக்கு நீ காவலா?" என்று அத்தை கீழேயிருந்து கத்தினார். கையில் ஈரப் பாவாடை. தண்ணீர் முழங்கை வரை வழிந்திருந்தது.

யோசித்துப் பார்க்கிறேன், என் அளவுக்கு என்று எனக்கு எது வந்தது? பள்ளிக்கூடப் பாவாடையில் இரண்டு மடிப்பு: வளரும் பிள்ளை. செருப்புக்குள் பஞ்சு: வளரும் பிள்ளை. ஓட்டிப் பழகியது அண்ணனின் சைக்கிள், பாருக்கு அடியில் காலை விட்டு, அரைப்பெடல். கல்யாண வளையல் கூட "சதை போடுவா" என்று ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்தார்கள். இன்றும் சோப்பில்லாமல் கழல்கிறது. முப்பத்தெட்டு வயதாகிறது. இனி நான் எங்கே வளர?

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்றைக்கு ஆர்டர் போட்டாயிற்று. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் அவர், "எடு செல்ல, போட்டுரலாம்" என்றார். நாற்பத்தாறு என்று ஆரம்பித்தேன்.

"அது உன் அளவு. ரெண்டு பேருக்கும் ஆவணும்ல? என் ஒயரத்துக்கு எடுப்போம். பெருசா இருந்தா சீட்ட எறக்கிக்கலாம். சின்னதா எடுத்தா ஒண்ணும் பண்ண முடியாது கலை."

அத்தையும், "ஒரு சுத்துப் பெருசாவே எடுங்கடா" என்றார்.

எனக்கு மறுத்துப் பேசவே தோன்றவில்லை. சரிங்க, உங்க இஷ்டம் என்றேன். எப்போதும் சொல்வதுதான்.

உயரத்தைப் போட்டால் அதுவே சைஸ் சொல்லும் என்று ஒரு கட்டம் இருந்தது. உயரம், அடியில். அவர் என்னருகில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார்: "ஃபைவ், பாயிண்ட், டென்."

ஐந்தடி பத்து அங்குலம் என்பதை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். பெண் பார்க்கும்போதும், போலீஸ் செலக்‌ஷன் கதை பேசும்போதும் அப்படித்தான். ஆனால் அந்தக் கட்டத்துக்கு அங்குலம் தெரியாது. அதற்கு 5.10 என்றால் 5.1. ஐந்தடியும், ஒரு அடியில் பத்தில் ஒரு பங்கும். அதாவது நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். அதாவது, நான்.

திரையில் வந்தது: 46.

"பாத்தியா, நாப்பத்தாறு! என் சட்டை நாப்பத்திரண்டு. தொள தொளன்னே குடுக்கறான், நல்ல கம்பெனி."

சேலத்துக் கடைக்காரர் ஐம்பத்திநாலு என்றது அவர் காதில் விழுந்ததில்லை. எனக்குத் தெரியும். முழுக்கத் தெரியும். அவர் பெருவிரல் கீழே இறங்கி, பச்சைப் பட்டனைத் தொட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

10 பிப்ரவரி, திங்கள்

வேண்டுமென்றே நேர்ந்தது போல இன்றைக்குத் தசம எண்கள். 5.9 பெரிதா, 5.10 பெரிதா?

"அஞ்சு புள்ளி பத்து மிஸ்!" வகுப்பே கத்தியது. "ஒம்பதவிடப் பத்துதான பெருசு!"

புள்ளிக்குப் பின்னால் கடைசியில் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று கரும்பலகையில் எழுதினேன். எழுத எழுதக் காது சுட்டது. பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவருக்கு ஏன் சொல்லவில்லை?

இன்றைக்குச் சொல்லலாம். ஆர்டரை மாற்ற நேரம் இருக்கிறது.

12 பிப்ரவரி, புதன்

சொல்லவில்லை.

15 பிப்ரவரி, சனி

வந்துவிட்டது. கதவகலத்துக்கு ஒரு பெட்டி. அவரே பிரித்து, வீடியோ பார்த்து மாட்டினார். கறுப்பில் நீலக்கோடு. அவ்வளவு அழகு. வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

அவர் ஏறினார். சீட்டை எவ்வளவு ஏற்றியும் முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. தெருமுனை வரை போய்விட்டு வந்தார். எதிர்வீட்டு ஜானகியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள்.

"என்ன கலை இது, சின்னப்புள்ளைங்க சைக்கிள அனுப்பி வெச்சிருக்கான்! ஏமாத்துக்காரப் பசங்க!"

அங்கேயே நின்று திருப்பி அனுப்பப் பதிந்துவிட்டார். திங்கட்கிழமை எடுத்துப்போக ஆள் வருமாம். அதற்குப் பதில் பெரியதாக ஒன்று.

நான் ஏறிப் பார்க்கக்கூட இல்லை. ஏறினால் இறங்க மாட்டேன் என்று பயம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சொன்னேன். கம்பெனிக்குப் போன் போட்டு அந்தப் பக்கம் இருந்த பெண்ணை அவர் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்ன பண்ணினாள்? போனை வாங்கி வைத்துவிட்டேன்.

"அவங்க தப்பில்லைங்க. நீங்க போட்டதுதான் தப்பு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

புள்ளி, பூஜ்யம், அங்குலம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அவர் முகத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"என்ன முட்டாளாக்கிட்ட. தெருவே பாத்துச்சு."

"ஆமாங்க."

"உனக்குன்னு வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

அவ்வளவுதான், எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சொன்னேனே! எனக்கு ஒரு ரோடு பைக் வேணும்னு வாயத் தொறந்து சொன்னேனே! நமக்குன்னு கேட்டுக்கிட்டது நீங்க. எனக்குன்னா ஒங்க காதுல நமக்குன்னே வுழுவுது. நான் என்ன பண்றது? எத்தினி தடவ சொல்றது?"

கத்திவிட்டேன். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

நான் செய்தது தப்புதான். கேட்டு வாங்கியிருக்கவேண்டியதைக் கள்ளத்தனமாக எடுக்கப் பார்த்தேன். போகட்டும், நாளைக்கு எடுத்துப் போகட்டும்.

17 பிப்ரவரி, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு மெதுவாகத்தான் நடந்து வந்தேன். காலியான வாசலைச் சீக்கிரம் பார்த்து என்ன ஆகப்போகிறது?

சைக்கிள் அங்கேயே நின்றது.

பக்கத்தில், வெயிலில், சைக்கிள் வந்த பெட்டி நான்காகக் கிழித்து விரித்துக் கிடந்தது. அதன்மேல் புதுப்புளி காய்ந்துகொண்டிருந்தது. அத்தை, சென்னம்மாள் மகாராணி, குச்சியோடு கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆளு வந்தானுங்களா அத்தை?"

"வந்தான். பொட்டி இல்லாம எடுக்கமாட்டானாம். போயிட்டான்."

"பெட்டிய ஏன் கிழிச்சீங்க?"

"நான் எங்க கிழிச்சேன்? உன் வூட்டுக்காரன்தான் காலைல கத்தி எடுத்தாந்து கிழிச்சுக் குடுத்தான். புளி காயவைக்க நல்லா இருக்கும்மான்னு."

உள்ளே வந்து முகம் கழுவிக்கொண்டேன். இரண்டு முறை கழுவவேண்டியிருந்தது.

அவர் வந்தபோது காப்பி கொடுத்தேன். குடித்தார். "கோவம் போவல," என்றார். "தெரியுதுங்க" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தவர், "சீட்ட எறக்கி வெச்சிருக்கேன், சரியாருக்கான்னு பாரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

9 மார்ச், ஞாயிறு

இண்டூர் வரை ஓட்டிப் போய் வந்தேன். பிரேக் கைக்குள் அடங்குகிறது. உடம்பு எங்கே முடிந்து சைக்கிள் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அவர் தொப்பையைக் குறைக்க நடக்கிறார். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது.

27 ஏப்ரல், ஞாயிறு

கடையின் குட்டியானை வண்டியில் சைக்கிளை ஏற்றி, மலையடிவாரத்தில் என்னை இறக்கிவிட்டார். "முடியலன்னா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு யாரோ வாடிக்கையாளர் தோட்டத்தைப் பார்க்கப் போனார்.

வத்தல்மலை மிதக்கிற மலையெல்லாம் இல்லை. மூச்சு இரைத்தது, தொடை எரிந்தது. சில வளைவுகளில் இறங்கித் தள்ளினேன். விறகுக்கட்டோடு வந்த ஒரு அம்மா நின்று, "ஏம்மா, பஸ்ஸு இருக்குதே, தெரியாதா?" என்றார். தெரியும் என்றதும் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

மேலே போனபோது பனி இருந்தது. வெயில் காலத்துக் காலையிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புல்லில் படுத்துக்கொண்டேன். சக்கரம் பக்கத்தில் தானாகச் சுற்றி நின்றது. சந்தோஷம். வேறு என்ன எழுத?

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடிப்பெருக்கு

ஒகேனக்கல் போய்க் குளித்துவிட்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுப்படியில் வடை. வாசலில் கொழுந்தன் அறிவழகனின் குரல்:

"அண்ணா, சைக்கிள ஒரு ரவுண்டு எடுத்துட்டுப் போறேன்."

"என்ன எதுக்குடா கேக்கற? அது அவளுது. உள்ள இருக்கா, போய்க் கேளு."

கையில் தட்டிய மாவோடு அப்படியே நின்றேன். அறிவழகன் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டினான். "அண்ணி, சைக்கிள எடுத்துக்கட்டுங்களா?"

சரி எடுத்துக்கோ என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"இல்ல அறிவு," என்றேன். "தர மாட்டேன்."

அவன் ஒரு நொடி விழித்துவிட்டு, "சரிங்க அண்ணி" என்று போய்விட்டான். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தது. வடையைப் போட்டேன்.