தன் பாட்டுக்கே கள்வி எனப்பட்ட நறுவீயின் பொருட்டுக் குறும்பொறை அரசி விடுத்த ஓலை

குன்றுதோறும் அருவி இறங்கும் குறும்பொறை நாட்டின் அரசி, பெருவேள் மகள் மாநகை, நெடுந்துறைப் பட்டினத்தின் கோமான் திருவளர் ஆதிரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் கேடின்றி வந்தடைக. தங்கள் உப்பளங்கள் வெண்மை குன்றாதிருக்க. தங்கள் மனையும் மக்களும் நோயின்றி வாழ்க. மரபு கருதி மட்டும் இவ்வாழ்த்தை எழுதவில்லை. எம் மனம் கசந்திருக்கும் இவ்வேளையிலும் தங்கள் குடிகள்மீது எமக்குக் கசப்பில்லை என்பதை முதற்கண் சொல்லிவிட விரும்புகிறோம்.

இவ்வோலையைத் தாங்கள் தனியறையில் படித்துச் சுருட்டி வைத்துவிடலாகாது. எம் தூதர் கீரங்கண்ணனார் பேரவையில் எழுந்து நின்று வாசிக்க, அவையோர் அனைவரும் கேட்கத் தாங்களும் கேட்டருளல் வேண்டும். நடந்த தீங்கு ஊரறிய நடந்தது. அதைப் பற்றிய பேச்சும் ஊரறியவே நிகழ்வது முறை.

எம் நாட்டில் நறுவீ என்றொரு பாட்டுக்காரி இருக்கிறாள். சிறு யாழ் ஒன்றை மீட்டித் தானே பாட்டுக் கட்டித் தானே பாடுபவள்; எந்த அரண்மனையையும் எந்தக் கோயிலையும் சாராதவள். ஆற்றுத்துறைச் சந்தையில் அவள் பாடக் கேட்டு, எம் அவைக்கு வந்து தங்குமாறு அழைத்தோம். அவள் தந்த மறுமொழியை, மலைநாட்டார் பேச்சு மாறாதபடி, எழுத்தரை அப்படியே எழுதச் செய்கிறோம்: “தாயே, அரண்மனையில இருந்தா உங்களுக்குப் பிடிச்சதைத்தான் பாடணும். எனக்குச் சந்தையில நிக்கிறவங்களும் வேணும். என்னை என் போக்குல விட்டுடுங்க.” அந்தத் துணிவு எமக்குப் பிடித்திருந்தது.

ஆயினும் அவள் பாட்டு அந்தச் சந்தையைத் தாண்டவில்லை. பாடுவாள், கேட்டவர் கண் துடைப்பர், மறுநாள் அவள் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே எம் கட்டியக்காரன் தத்தனை அவளுக்குத் துணையாக அனுப்பினோம். தத்தன் எமக்கு யார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவன் தாயின் பாலை உண்டே யாம் வளர்ந்தோம். எம் முடிசூட்டு நாளில் எம் பெயரை முதன்முதல் நாட்டுக்குக் கூவியவன் அவனே. எந்த ஊரில் எந்தத் திருவிழா, எவர் சொன்னால் பந்தலில் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை ரேகை. “நீ பாடு, அது போதும். ஊர்ப் பெரியவங்ககிட்டப் பேசுறது, பந்தல் பார்க்குறது, பறை அறையச் சொல்றது எல்லாம் என் வேலை” என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். சொன்னபடியே செய்தும் காட்டினான். அவள் பாடிய ஊர்களில் கூட்டம் கட்டுக்கடங்காமல் வந்தது.

அவள் தன் ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியிலும் ‘நறுவீ சொன்னது’ என்று தன் பெயரை வைத்துக் கட்டுவது வழக்கம். தத்தன் அதை நீக்கச் சொன்னான். “பேர் ஒட்டிக்கிட்டிருந்தா அடுத்த நாட்டுக்காரன் வாயில அது நுழையாது. பேரை எடுத்துடு, பாட்டு தானா ஊர் ஊரா நடக்கும்” என்றானாம். அவன் சொல்வது தன் நன்மைக்கே என்று நம்பி நீக்கினாள். பாட்டு நடந்தது. எங்கே நடந்து போயிற்று என்பதைத் தங்கள் கடலாடு விழாவில்தான் அவள் கண்டாள்.

தன் ‘நுகப் பாட்டு’ பட்டினத்தில் முழங்குகிறது என்று வணிகர் சொல்லக் கேட்டு, புகழ் கடற்கரை வரை போய்விட்டதே என்னும் களிப்போடு அவள் தனியே புறப்பட்டு வந்தாள். உப்பு வண்டியின் எருது வழியில் விழுந்து இறக்க, அதன் உரிமையாளன் மனைவி தன் தோளையே நுகத்துக்குக் கொடுத்து மேட்டில் வண்டியை இழுத்த கதையைச் சொல்லும் பாட்டு அது. விழா மேடையில் தங்கள் படைத்தலைவர் கோடனாரின் மருமகள் சேந்தி அதைப் பாடினாள். தானே கட்டியது என்று சொல்லிப் பாடினாள். தாங்கள் தங்கள் கையால் அவளுக்கு வேங்கைப்பூ மாலை சூட்டினீர்கள். அவள் அருகே எம் கட்டியக்கோலை ஊன்றி நின்றவன் தத்தன்.

நறுவீ மேடையேறி அது தன் பாட்டு என்றாள். நம்பாதவர் சிரித்தனர். பாடிக் காட்டினாள். “இப்பக் கேட்டதை இப்பவே திருப்பிப் பாடுறா, கள்ளி!” என்று கூட்டத்திலிருந்து கூவினர். நடுவர்கள் தத்தனை நோக்கி, இவளை அறிவாயா என்று வினவினர். “இந்தப் பொண்ணை நான் பார்த்ததே இல்ல” என்றான் அவன். காவலர் அவளை இழுத்து இறக்கியதில் யாழின் வளைதண்டாகிய கோடு முறிந்தது. தன் பாட்டுக்கே கள்வி என்று பெயர் சுமந்து அவள் மலையேறி வந்தாள்.

தத்தன் திரும்பியபோது அவனை அழைத்துக் கேட்டோம். அவன் தலை குனியவில்லை. “நான் போகாத ஊர்ல அவ பேர் யாருக்குத் தெரியும்? மாங்கோட்டுத் திருவிழாவுல ஊரே அவளைக் கொண்டாடுச்சு. ‘உன்னை இங்க யாரும்மா கூட்டி வந்தது’ன்னு ஒரு பெரியவர் கேட்டார். ‘என் யாழ்’னு சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன்” என்றான். அவன் மனம் நொந்தது பொய்யன்று. அவன் உழைப்பும் பொய்யன்று. ஆனால் தன் பெயரை ஒருத்தி ஒருமுறை சொல்லாமல் விட்டதற்காக, அவளையே அறியேன் என்று ஊர்முன் சொல்ல ஒருவனுக்கு வாய் எப்படி வந்தது என்பது எமக்கு இன்றும் விளங்கவில்லை. அவன் கோலை வாங்கிக்கொண்டோம். இனி எந்த அவையிலும் எவர் பெயரையும் அவன் கூவலாகாது என்று ஆணையிட்டோம்.

நறுவீ மழைக்காலம் முழுதும் பாடவில்லை. பிறகு யாழுக்குப் புதுக் கோடு பூட்டிக்கொண்டு வந்தாள். வேறொரு கட்டியக்காரனைத் தருகிறோம் என்றதற்கு, “வேணாம் தாயே. போற ஊருக்கு நானே முன்னாடி போய் என்னைப் பத்திச் சொல்லிக்கிறேன்” என்றாள். அது எளிதாக வாய்க்கவில்லை. முதல் ஊர் மன்றத்தில், தன்னைப் பற்றித் தானே எடுத்துச் சொல்ல நாணி, “நான் பாடுவேன்” என்பதற்குமேல் ஒரு சொல்லும் எழாமல் நின்றிருக்கிறாள். பெரியவர்கள் போய்வரச் சொல்லிவிட்டார்கள். அவள் ஊரை விட்டுப் போகவில்லை. துணி வெளுக்கும் படித்துறையில் அமர்ந்து பாடினாள். அங்கிருந்த பெண்களே அவளை மன்றத்துக்கு மீண்டும் அழைத்துச் சென்று, இவளைக் கேட்காமல் அனுப்பினால் வீட்டுக்கு வராதீர்கள் என்று தம் கணவன்மாரை மிரட்டினார்களாம்.

அதன்பின் அவள் வழி மாறியது. எந்த ஊர்க்காரர் எதைக் கேட்க விரும்புவர் என்று தானே விசாரித்து அறிந்தாள். எந்த இடத்தில், எவ்வளவு நேரம், யார் பெயர் சொல்லிப் பாட்டுத் தொடங்கும் என்பதைச் சாட்சி வைத்து முன்னமே பேசி முடித்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் அது பிறந்த கதையைத் தன் வாயால் சொன்னாள். கடைசி அடியில் தன் பெயரை மீண்டும் வைத்தாள். தத்தன் அஞ்சியதுபோல் அது எவர் வாயிலும் இடறவில்லை. இன்று எம் நாட்டு வண்டிக்காரர் மேடேறும்போது அந்தப் பெயரோடுதான் பாடுகிறார்கள்.

இனித் தங்களுக்கு வருகிறோம். தத்தன் செய்தது எம் வீட்டுக்குள் விழுந்த அடி. தாங்கள் செய்தது அதனினும் பெரிது. கடலாடு விழாவுக்கு முந்தைய வேனிலில் தாங்கள் எம் விருந்தினராய் வந்து எம் அருகே அமர்ந்திருந்தீர்கள். அன்று நறுவீ பாடியது அதே நுகப் பாட்டு. அவள் கடைசி அடிக்கு வரும்போது மேலாடையால் கண்ணைத் துடைத்தீர்கள். இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டதும் தாங்களே. அவள் மேடையிலிருந்து இழுக்கப்பட்டபோது, அப்பாட்டு யாருடையது என்று அறிந்தவர் அப்பெருங்கூட்டத்தில் மூவர்: நறுவீ, தத்தன், தாங்கள். தத்தன் பொய் சொன்னான். தாங்கள் வாய் திறக்கவில்லை. படைத்தலைவர் மனம் கோணும் என்று எண்ணினீர்களோ, யாம் அறியோம். சேந்தி இளையவள், தத்தன் தந்த பாட்டைத் தான் கட்டியதாகவே சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் சொன்னதை நம்பியிருக்கிறாள். அவள்மீது எமக்குச் சினமில்லை.

நறுவீ தங்கள் பட்டினத்துக்கு வருகிறாள். இவ்வோலையை அவளிடமே கொடுத்தனுப்ப எண்ணினோம், வாங்க மறுத்தாள். “இதைக் கொண்டு போனா அரசி அனுப்பின பாட்டுக்காரின்னுதான் சொல்லுவாங்க. நான் பாட்டை மட்டும் கொண்டு போறேன்” என்றாள். அவள் மாலை கேட்கவில்லை, மேடையும் கேட்கவில்லை. உப்பு வண்டிகள் நிற்கும் கடைத்தெரு முனையில் பாடப்போகிறாள். காவலர் அவளைத் தடுக்கலாகாது.

அது அவள் பொருட்டு யாம் வேண்டுவது. எம் பொருட்டு வேண்டுவது வேறு. அவள் பாடும் நாளில் தாங்கள் அக்கடைத்தெருவுக்கு நடந்து சென்று, “இப்பாட்டை இவள் பாட யாம் முன்பே கேட்டோம், அறிந்திருந்தும் சொல்லவில்லை” என்று மக்கள் முன் சொல்லல் வேண்டும். சொல்லும் வரை எம் மலைவாயிலில் தங்கள் கொடியோடு வருபவரை வணிகராய் வரவேற்போம், உறவினராய் அல்ல.

பெருவேள் மகள் மாநகை, வேங்கைப்பூ இலச்சினை பொறித்துத் தன் கையெழுத்திட்டு விடுத்த ஓலை இது. குன்றும் கடலும் உள்ளளவும் மெய் நிலைபெறுக.

எம் தூதர் கீரங்கண்ணனாருக்கு ஆணை: வாசித்து முடித்ததும் அவையை வணங்கி, விடைபெற்று, திரும்பி வருக. மறுமொழிக்காகக் காத்திருக்க வேண்டா. அது எமக்குச் சொல்லவேண்டிய மொழியன்று.