உன் தெருவை விட்டுவிட்டு ஊரில்லை

இன்று உங்கள் காலனிக்குள் நுழையும்போதே உன் அண்ணி வைக்கும் கருவாட்டுக் குழம்பு மணந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். நீ போன பிறகும் அந்த மணம் உன் குரலோடுதான் வருகிறது.

கல்வெட்டு பார்க்க உத்திரமேரூர் வருகிறவர்கள் காரின் இன்ஜினைக்கூட அணைக்காமல் திரும்புகிறார்களே என்று அன்று டவுன் பஸ்ஸில் உன்னிடம் புலம்பினேன். "ஏன், நாலு நாளு இங்க தங்கினா இன்னா? ஏரி கீது, வயலு கீது, நம்ம வூடு கீது" என்றாய். அப்படித்தான் ஆரம்பித்தோம். வருகிறவர்கள் எங்கள் தெருவில் தங்குவார்கள், ஏரிக்கரையில் நடப்பார்கள், மதியம் உங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள்.

ஆள் அனுப்புவதாகச் சொல்லிச் சென்னையிலிருந்து ஒரு டிராவல் ஏஜென்ட் வந்தார். ஊரைக் காட்ட நாம் எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்தவர், உங்கள் தெருப் படங்களை மட்டும் ஒதுக்கினார். "கோயில், ஏரி போதும் மேடம். சாப்பாட்டையும் உங்க தெருவுலயே வெச்சுக்கலாம். வர்றவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றார், உன் முகத்தைப் பார்க்காமல்.

"எங்க தெரு இல்லாத ஊரு இன்னா ஊரு சார்? எங்க கையால சாப்புடாதவங்க இங்க வரவே வேணாம்" என்றாய்.

"அதேதான் சார்" என்றேன் நானும்.

அவர் போனார். எங்கள் தெருவில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. நீ அசரவில்லை. நாற்று நடுகிற பெண்களோடு சேற்றில் நின்று சிரித்துப் பேசியபடி போனில் வீடியோ எடுத்துப் போட்டாய். அதைப் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டு நாள் என்று வந்தவர்கள் ஒரு வாரம் இருந்தார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள்.

அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. கல்லறையில் போட்ட மாலைகள் வாடுவதற்குள் ஏஜென்ட் போன் செய்தார். "அந்தம்மாதான் இல்லையே மேடம். இப்பவாவது மாத்திக்கலாமே?"

சொன்னேன்: "மாத்திட்டேன் சார். இதுவரைக்கும் காலனில சாப்பாடு மட்டும்தான். இனிமே தங்குறதும் அங்கதான்."

உன் அண்ணி ஒப்புக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் கதவைத் திறந்தன. எங்கள் தெருவில் இன்னும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். உன் சிரிப்பு எனக்கு வராது. உன் கோபம் வந்துவிட்டது, அதை யாருக்காகவும் கீழே இறக்கி வைக்கப்போவதில்லை.

நாளை பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. உன் அறையைத் துடைத்து, பாய் விரித்துவிட்டுத்தான் வந்தேன்.